அழையாமல் வந்த பாத்திரங்கள்

கம்ப்யூட்டரைத் திறந்தவுடன், நாம் ஒன்றும் சொல்லாமலே தாமாக ஓடத் தொடங்குகிற புரோகிராம்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. விண்டோஸ் யந்திரம் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் என்கிற பலகை வரும். அதில் ஸ்டார்ட்அப் என்ற பக்கத்தில் அந்தப் பட்டியல் இருக்கும். நாடகப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பாத்திரங்களின் பெயர் வரிசையைப் படிப்போமே, அது போல இதைப் படித்து என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. நாவல்களையும் கதைத் தொகுதிகளையும் பற்றிப் பேசுகிற இடத்தில் இதற்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். இன்று நாவல் எழுத உட்காருகிறவன் முதலில் பார்ப்பது வெள்ளைக் காகிதத்தை அல்ல. இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் வந்து உட்காருகிற வரையில் அசையாமல் நிற்கும் ஒரு திரையைத்தான். அந்த மட்டில் இதுவும் இலக்கியத்துக்கு அடுத்த வீட்டு விஷயம்தான்.

இந்தப் பட்டியலின் ஆதி வடிவம் நல்ல எழுத்து என்பது என் கட்சி. 1981-இல் ஐபிஎம் கம்பெனியின் பெர்சனல் கம்ப்யூட்டரோடு வந்த டாஸில் ஆட்டோஎக்ஸெக் என்று ஒரு சின்ன ஃபைல் உண்டு. யந்திரம் கண் விழித்ததும் அதைத் தேடிப் பிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எழுதியிருக்கிற வரிசைப்படியே செய்து முடிக்கும். எழுத்தாளன் ஒருவன், பெரும்பாலும் அவனேதான் யந்திரத்துக்குச் சொந்தக்காரன். பிடிக்காத வரியை அழித்துவிட்டால் அந்தக் காரியம் நடக்காது. புதிதாக வந்த புரோகிராம் தானே ஒரு வரியைச் செருகிவிட்டுப் போவதும் அப்போதே உண்டுதான். 1984-இல் வந்த போர்லாந்து கம்பெனியின் சைட்கிக் போல, வந்தால் போகாமல் ஞாபகசக்தியில் குடியேறிவிடுகிற புரோகிராம்களும் இருந்தன. இருந்ததோ 640 கேபி இடம், அதில் ஆளுக்கு ஒரு பங்கு கேட்டன. ஆனால் எது செருகப்பட்டது என்று படித்துத் தெரிந்துகொள்ளலாம். படிக்கத் தெரிந்தவனுக்கு ரகசியம் இல்லை. 1992-இல் விண்டோஸ் 3.1 வந்தபோதும் ஸ்டார்ட்அப் என்று ஒரு கூடை வைத்தார்கள். வேண்டியதை எடுத்துப் போடு, வேண்டாததை எடுத்து வெளியே வை என்கிற சுலபமான ஏற்பாடு.

1995-இல் விண்டோஸ் 95 வந்தது. கூடை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் ரெஜிஸ்ட்ரி என்கிற பெரிய நிலவறையில் 'ரன்' என்ற பெயரில் தனிச் சுவடி ஒன்றைத் திறந்தார்கள். அதில் எழுதுகிறவன் யந்திரத்தின் சொந்தக்காரன் அல்ல; அநேகமாக எப்போதும் வந்து இறங்குகிற புரோகிராம்தான். எழுதியது இன்ன இடத்தில் இருக்கிறது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்த நிலவறையில் கை வைக்க அவருக்குப் பயம். இது சின்ன மாறுதல் போலத் தோன்றும். என் கணக்கில் ஆசிரியரே மாறிவிட்டார். ஒரே கை எழுதிய பிரதி போய், பல கைகள் இருட்டில் எழுதிச் சேர்த்த பிரதி வந்துவிட்டது. அப்படிச் சேர்ந்த பிரதிக்கு இன்றைக்கும் பொறுப்பாளி என்று யாரும் கிடையாது.

விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ், யந்திரத்தின் பொது அமைப்பில் கை வைக்க வருகிற புரோகிராமை நிறுத்தி, 'இவரை அனுமதிக்கலாமா?' என்று நம்மைக் கேட்கிறது. நல்ல காரியம். ஆனால் ஒருவருடைய சொந்தக் கணக்கின் ரன் சுவடியில் தன் பெயரை எழுதிக்கொள்ள வருகிற புரோகிராமுக்கு இந்தக் கேள்வி கிடையாது. வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, தினம் காலையில் எழுப்ப வேண்டியவர்களின் ஜாபிதாவைத் திண்ணையில் வைத்துவிட்ட மாதிரி. யார் வேண்டுமானாலும் தன் பெயரை எழுதிவிட்டுப் போகலாம்.

எங்கள் வடக்கனந்தல் பக்கத்தில் தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். துரியோதனனே ஆனாலும் வேஷம் நேராகச் சபையில் வந்து குதித்துவிடாது. இரண்டு பேர் திரை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் இருந்தபடியே தன் பிரதாபத்தைப் பாடுவார். கட்டியங்காரன், யார் நீ, எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேலியும் குத்தலுமாகக் கேட்பான்; பதில் வர வேண்டும். அப்புறம்தான் திரை விலகும். கூத்து விடியவிடிய நடக்கிறது என்று குறைபடுகிறவர்கள்கூட, இந்தப் பிரவேசம் நீளம் என்று குறைபட்டு நான் கேட்டதில்லை. நம் கிராமத்து ஜனங்களுக்குத் தெரிந்த இந்த மரியாதை, கோடிக்கணக்கான மேஜைகளுக்குப் போகிற ஒரு நூலை எழுதினவர்களுக்குத் தோன்றாமல் போனது விந்தைதான்.

சரி, அழையாமல் வந்தவர்களை வெளியேற்ற வழியாவது வைத்தார்களா? விண்டோஸ் 98-இல் எம்எஸ்கான்ஃபிக் என்று ஒரு பலகை வந்தது. வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் சின்னக் கட்டம். கட்டத்தில் இருக்கிற குறியை எடுத்துவிட்டால் அந்த ஆசாமி அடுத்த முறை வரமாட்டார். அடுத்து வந்த விண்டோஸ் 2000-இல் அதைக் காணோம். எக்ஸ்பியில் மறுபடி வந்தது. ஆனால் எந்த மெனுவிலும் கண்ணில் படுகிற மாதிரி அதை வைக்கவில்லை. பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டு மந்திரம் போல எழுத்துக்கூட்டி அடித்தால்தான் வரும். ரிப்பேர்காரருக்கு என்று எழுதினதே தவிர வீட்டுக்காரருக்கு என்று எழுதினது அல்ல. அதே காலத்தில் மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இருவர் ஆட்டோரன்ஸ் என்று ஒரு புரோகிராம் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். யந்திரத்தில் தானாகப் புறப்படுகிற எதுவானாலும், எந்த மூலையில் எழுதியிருந்தாலும், அத்தனையையும் ஒரே இடத்தில் வரிசையாக எழுதிக் காட்டும். 2006-இல் மைக்ரோசாப்ட் அவர்களுடைய ஸ்தாபனத்தையே வாங்கிவிட்டது. ஆட்டோரன்ஸ் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் விண்டோஸின் உள்ளே சேரவில்லை, தேடிப் போய்த்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பண்டிதருக்கான பதிப்பு அது. முழுமையானது, ஆனால் முதல் முறை திறந்து பார்க்கிறவருக்குத் தலை சுற்றும்.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் டாஸ்க் மானேஜரிலேயே இந்தப் பட்டியலை வைத்தார்கள். பெயர், வெளியிட்டவர், நிலை, தாக்கம் என்று நான்கு பத்திகள். ஒன்றைத் தேர்ந்து அணைக்கலாம், மறுபடி போடலாம். அணைத்தாலும் பெயர் மறைந்துவிடாது. அணைக்கப்பட்டது என்ற குறியோடு அங்கேயே நிற்கும். யாரை விலக்கினோம் என்பது ஞாபகம் இருக்க வேண்டுமல்லவா? இது நல்ல யோசனை என்று தாராளமாகப் பாராட்டுவேன். பதினேழு வருஷம் கழித்துச் சொந்தக்காரர் தம் வீட்டு வாசற்படிக்கு வந்து சேர்ந்தார்.

ஆனால் பட்டியலை ஒரு நூலாகப் படித்தால், அந்தத் தாக்கம் என்கிற பத்தியில்தான் எனக்குச் சண்டை. ஒரு புரோகிராம் புறப்படும்போது செயலியின் நேரத்தில் ஒரு விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டாலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ, அதற்கு 'ஹை' என்று மார்க். செயலி நேரம் 300 மில்லி விநாடிக்கும் டிஸ்க் வேலை 300 கேபிக்கும் குறைவாக இருந்தால் 'லோ'. இடைப்பட்டவை 'மீடியம்'. அளக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் எதை? வாசலில் நுழைகிறபோது எவ்வளவு சத்தம் போட்டார் என்பதை. உள்ளே வந்த பிறகு எத்தனை சாப்பிட்டார், எப்போது போனார் என்பது இந்தக் கணக்கில் வராது. புறப்படுகிறபோது அடக்கமாக இருந்துவிட்டு, அப்புறம் நாள் முழுவதும் நெட்டை இழுத்துக்கொண்டிருக்கிற ஒன்று 'லோ' என்ற நற்சான்றிதழோடு உட்கார்ந்திருக்கலாம். சுழலுகிற பழைய டிஸ்க்குக்கும், சுழலாத புது எஸ்எஸ்டிக்கும் அதே 3 எம்பிதான் எல்லை. பழையதில் அது மூச்சுத் திணறல், புதியதில் கண் சிமிட்டல். முக்கியமாக, இந்த ஆசாமி எதற்கு வேண்டும் என்பதற்கு ஒரு வார்த்தை இல்லை. சில சமயம் 'புரோகிராம்' என்கிற பொதுப் பெயரோடு, வெளியிட்டவர் என்ற இடம் காலியாக, ஒரு ஆசாமி நிற்பார். விலாசத்தை மேற்கோள் குறிக்குள் அடைக்காமல் எழுதினதால் பாதிப் பெயரோடு நிற்கிற பாவம் அது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். விஷயம் தெரியாதவர் வைரஸ் என்று பயப்படுவார். இதைவிட வேடிக்கை, பக்கத்தின் மேல் மூலையில் விநாடிக் கணக்கு ஒன்று போட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் இருக்கிற ஒரே நேரக் கணக்கு அதுதான். அது இந்தப் புரோகிராம்கள் எடுத்துக்கொண்ட நேரமில்லை. விண்டோஸ் வருவதற்கு முன்பு பயாஸ் எடுத்துக்கொண்ட நேரம். இந்தப் பக்கத்தில் எதை அணைத்தாலும் அந்த எண் குறையாது!

இது வெறும் அழகியல் சண்டை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வடக்கனந்தல் கல்வராயன் மலையின் அடிவாரத்து ஊர், கச்சிராயபாளையத்தை ஒட்டியது, கோமுகி அணை பக்கத்தில்தான். மலையிலிருந்து இறங்குகிற ஜனங்கள் இந்தப் பக்கமாகத்தான் கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல், பரீட்சைப் பணம் எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான் என்று ஆன பிறகு, ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் யந்திரமும் வைத்த சின்னக் கடைகள் இங்கே கச்சேரி வாசல் மாதிரி ஆகிவிட்டன. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்குக் காலேஜில் இடம் வேண்டுமானால் சான்று வேண்டும். சான்றுக்கு விண்ணப்பம் வேண்டும். விண்ணப்பத்துக்குப் பெட்டி விழிக்க வேண்டும். மலைக்குத் திரும்புகிற பஸ் நமக்காகக் காத்திருக்காது.

அப்படி ஒரு கடையில் நான் அடிக்கடி உட்காருவதுண்டு. கரண்ட் ஒரு நாளில் இரண்டு தடவை போகிற மழைக்காலம். போன கரண்ட் வந்ததும் பெட்டியை மறுபடி திறக்க வேண்டும். விண்டோஸ் 8 காலம் முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு சலுகை உண்டு. முறையாக மூடினால் அமைப்பின் உட்பகுதியை டிஸ்க்கில் அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, அடுத்த முறை சீக்கிரம் எழுந்துவிடும். கரண்ட் போய்ச் செத்த பெட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. அடியிலிருந்து எழுந்து வர வேண்டும். டெஸ்க்டாப் படம் சட்டென்று வந்துவிடும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதன் பிறகுதான் பட்டியல் ஆசாமிகள் ஒவ்வொருவராக வரத் தொடங்குவார்கள். அத்தனை பேரும் ஒரே டிஸ்க்கை ஒரே சமயத்தில் இழுப்பார்கள். பிரவுசரைத் தட்டினால் வட்டம் சுற்றும்.

"என்னாம்மா, உம் பொட்டி இன்னும் முழிச்சுக்கலியா?" என்றார் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்.

"இருங்க தாத்தா, அது இன்னும் மூஞ்சி கழுவிக்கிட்டு இருக்குது" என்றாள் கடைப் பெண்.

பெரியவர் டீ குடித்துவிட்டு வந்தார். அப்போதும் கழுவிக்கொண்டுதான் இருந்தது.

அவளைப் பட்டியலைத் திறந்து காட்டச் சொன்னேன். பதின்மூன்று பெயர்கள். கொரோனாக் காலத்தில் யாரோ ஒரு பையனுடைய வகுப்புக்காகப் போட்ட, கூட்டம் கூடுகிற புரோகிராம் ஒன்று. விளையாட்டுகளை விற்கிற கடை ஒன்று. பிரிண்டரின் மை அளவைப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒன்று, அந்தப் பிரிண்டர் போய் இரண்டு வருஷமாகிறது. மாதச் சோதனை முடிந்து, காசு கட்டு என்று ஞாபகப்படுத்துவதற்காகவே உயிரோடு இருக்கிற வைரஸ் தடுப்பு ஒன்று. புதிய பதிப்பு வந்ததா என்று பார்ப்பதற்காக மட்டும் வருகிற மூன்று பேர். இவர்களில் ஒருவரையும் அவள் கூப்பிட்டதில்லை. ஏதோ ஒரு காரியத்துக்காக எதையோ இறக்கினபோது கூடவே வந்து பாய் விரித்தவர்கள்.

அவள் தைரியசாலி. ஒரே மூச்சில் பதின்மூன்றையும் அணைத்துவிட்டாள். மறுநாள் ஒரு பாட்டியின் மனுவை அடிக்க உட்கார்ந்தால் 'ஐயா' என்று வர வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் வருகின்றன! தமிழ் விசைப்பலகைப் புரோகிராமும் அந்தப் பதின்மூன்றில் ஒன்று. இந்தப் பாத்திரத்தைப் பற்றி நம் விமரிசகர்கள் யாரும் எழுதவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. நியூ ஹொரைஸன் மீடியா வெளியிட்ட என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, விஸ்வநாதன் செய்த அழகி - இப்படிச் சிலவற்றின் முதுகில் ஏறித்தான் இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டரில் தமிழ் நடந்து வந்திருக்கிறது. 1999-இல் தமிழ்நாடு அரசு தமிழ்99 என்ற விசை அமைப்பை அங்கீகரித்த பிறகும், வெகு காலம் வரையில் சாதாரண விண்டோஸ் யந்திரத்தில் அதை வர வைப்பதற்கு இவர்கள் தயவு வேண்டியிருந்தது. முதல் எழுத்தை அடிப்பதற்கு முன்பே வந்து காத்திருக்க வேண்டிய பாத்திரம் இது. தாமதமாக வந்தால் வந்தும் பிரயோஜனமில்லை. மூலையில் சின்ன மணிச் சித்திரமாக உட்கார்ந்திருக்கிற என்எச்எம் ரைட்டர் யாரையும் தொந்தரவு செய்து நான் பார்த்ததில்லை. தானாகத் தொடங்குகிற உரிமை யாருக்கு உண்டு என்று கேட்டால், முதலில் இந்த ஜாதியைத்தான் காட்டுவேன். தாக்கம் என்கிற பத்தி இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. காசு கேட்கிறவனும் எழுத்துக் கொடுக்கிறவனும் அதற்கு ஒன்றுதான்.

அதே கடையில் இன்னொரு அதிசயம். பதின்மூன்றையும் அணைத்த பிறகும் கைரேகைக் கருவி மட்டும் வழக்கம் போல வேலை செய்தது. பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை தாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க விரல் வைக்கிறார்களே, ஜீவன் பிரமாண் என்று 2014-இல் தொடங்கிய ஏற்பாடு, அதற்கு வேண்டிய கருவி. அதை இயக்குகிற புரோகிராம் 'சர்வீஸ்' என்ற வேறு வகுப்பைச் சேர்ந்தது. ஸ்டார்ட்அப் பட்டியலில் அந்த வகுப்புக்கு இடமே இல்லை. குறித்த வேளையில் புறப்படும்படி டாஸ்க் ஷெட்யூலரில் எழுதி வைக்கப்பட்டவர்களும் அங்கே வர மாட்டார்கள். ஆக, நாடகத்தின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கிற பாத்திர வரிசை பாதி வரிசைதான். அந்தக் கடையில் அது நல்லதாகப் போயிற்று. ஆனால் பட்டியலை நம்பி வீடு சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறவருக்கு இது நூலாசிரியர்கள் சொல்லாமல் விட்ட விஷயம்.

எதிர்க்கட்சி வாதம் ஒன்று உண்டு. அதையும் கேட்க வேண்டும். முன்கூட்டியே வந்து தயாராக நின்றால், கூப்பிட்டவுடன் ஓடி வரலாமே என்பார்கள். புது வாதமல்ல. ஆபீஸ் 97 என்ற தொகுப்பு ஸ்டார்ட்அப் கூடையில் தன்னுடைய ஆட்கள் இருவரை வைத்துவிட்டுப் போயிற்று. அவர்களில் ஃபைண்ட் ஃபாஸ்ட் என்பவர், பின்னால் வேகமாகத் தேட வேண்டும் என்பதற்காக இப்போதே டிஸ்க்கைக் குடைந்துகொண்டிருப்பார். 2025-இல் அதே மைக்ரோசாப்ட், வேர்ட் சீக்கிரம் திறப்பதற்காக ஸ்டார்ட்அப் பூஸ்ட் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. 28 வருஷம் கழித்தும் அதே வாதம். ஆனால் நடையில் முன்னேற்றம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: 8 ஜிபி ராம் இல்லாத யந்திரத்தில் அது தலை காட்டுவதில்லை, வேர்டின் உள்ளேயே அதை அணைக்க விசை இருக்கிறது. ஏழை வீட்டில் சாப்பிட உட்காராத விருந்தாளி என்ற மட்டில் பண்புள்ளவர். ஆனால் அவர் பெயர் எழுதியிருப்பது டாஸ்க் ஷெட்யூலரில். அங்கே போய் அடித்துவிட்டால், ஆபீஸ் அடுத்த முறை புதுப்பித்துக்கொள்ளும்போது மறுபடி எழுதிக்கொள்ளும் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. ஒரு தடவை வேண்டாம் என்றால் அது அடுத்த பதிப்பு வரைக்கும்தான் செல்லும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2011-இல் தமிழ்நாடு அரசு பிள்ளைகளுக்கு இலவச லாப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அவற்றில் இரண்டு அமைப்புகள் இருந்தன: விண்டோஸ் 7-இன் ஸ்டார்ட்டர் பதிப்பு ஒன்று, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மற்றொன்று. ஸ்டார்ட்டர் என்ற பெயரை நான் ரசிப்பதுண்டு. அந்தப் பதிப்பில் டெஸ்க்டாப் படத்தை மாற்றிக்கொள்ளச் சொந்தக்காரருக்கு வசதி கிடையாது. தன் தங்கையின் போட்டோவை வைக்க ஆசைப்பட்ட பையனுக்கு அனுமதி இல்லை. ஆனால் எங்கிருந்தோ இறங்கிய புரோகிராம் அவனைக் கேட்காமலே தினமும் காலையில் எழுந்து உட்காரத் தடை இல்லை. பாஸ் பக்கத்தில் சங்கதி வேறு. அங்கே தானாகத் தொடங்குகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சின்ன எழுத்து ஃபைல், ஆட்டோஸ்டார்ட் என்ற பெயருள்ள பெட்டியில் இருக்கும். திறந்தால் படிக்கலாம், பெயர் என்ன, எதை ஓட்டுகிறது என்று வரி வரியாக எழுதியிருக்கும். பழைய ஆட்டோஎக்ஸெக்கின் நேர்மை அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நான் பார்த்த வீடுகளில் அந்தப் பக்கம் போனவர்கள் குறைவு. நல்ல நூல்கள் படிக்கப்படாமல் அலமாரியில் இருப்பது நமக்குப் பழகின விஷயம்.

கட்டியங்காரனின் கேள்வியைக் கடைசியில் ஆப்பிள்காரர்கள் கேட்டார்கள். 2022-இல் வந்த மாக் வென்ச்சுரா பதிப்பில், ஒரு புரோகிராம் தன் பெயரைத் தொடக்க வரிசையில் எழுதிக்கொண்ட உடனே, 'இன்னார் சேர்ந்திருக்கிறார்' என்று ஒரு சீட்டு வந்து நிற்கும். உள்ளே வருவதற்கு முன்பு கேட்கவில்லை, வந்த பிறகு சொல்கிறது, ஆனாலும் சொல்கிறது. விண்டோஸ் 11-இலும் இந்த அறிவிப்பு இருக்கிறது. நோட்டிபிகேஷன் பக்கத்தில் கீழே, எவரும் போகாத மூலையில், அணைத்த நிலையில் வைத்திருக்கிறார்கள். கடைப் பெண் அதைப் போட்டு வைத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் இரண்டு பேர் வந்து பெயர் சொன்னார்கள். ஒருவர் புது ஸ்கேனருக்கு வேண்டியவர், இருக்கட்டும் என்றாள். மற்றவர் யாரென்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அணைத்து ஒரு மாதமாகிறது. இன்னும் எந்த வேலையும் நிற்கவில்லை.